சிஎஸ்ஐ ஆராதனையில புஸ்தகம் பாத்து ஜெபம் பண்றது ஏன்? பெந்தெகொஸ்தே சபையில வளந்த ஒரு தங்கச்சிக்கு விரிவான பதில்

கேள்வி கேட்ட தங்கச்சி பெந்தெகொஸ்தே சபையில பொறந்து வளந்தவங்க, கல்யாணமாகி இப்ப பாளையங்கோட்டை பக்கம் ஒரு சிஎஸ்ஐ குடும்பத்துக்கு வந்திருக்காங்க. அவங்க கேட்டத சுருக்கி சொல்றேன். ஞாயித்துக்கிழம எல்லாரும் புஸ்தகத்த தொறந்து வச்சு எழுதி வச்ச ஜெபத்த சேந்து வாசிக்கிறாங்க, திடீர்னு எந்திரிக்கிறாங்க, முழங்கால் போடுறாங்க, திரும்ப உக்காருறாங்க, மனசுலருந்து சத்தமா ஜெபிச்சு பழகின எனக்கு இது பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு, இதுல ஆவியானவருக்கு எடம் எங்க, இதெல்லாம் எங்கருந்து வந்துச்சு, நான் இங்க திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கலாமா. இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. இத கேக்காமலே அறுபது எழுபது வருஷம் அதே பெஞ்சுல உக்காந்துட்டு போறவங்க எத்தனையோ பேர், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவு பண்ணிரணும், சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை, முழுசா ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சபை வழி வந்த) சபை கிடையாது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டேரியன் காங்கிரிகேஷனல் சபைகள் ஏற்கனவே சேந்து உண்டான தென்னிந்திய ஐக்கிய சபை, இவங்க எல்லாம் ஒண்ணா சேந்ததுதான் சிஎஸ்ஐ. அதனாலதான் நாகர்கோவில் பக்கம் எல்எம்எஸ் (லண்டன் மிஷனரி சொசைட்டி) மிஷனரிங்க உண்டாக்கின சபைக்கோ மதுரை பக்கம் அமெரிக்கன் மிஷன் சபைக்கோ போனா ஆராதனை வேற மாதிரி இருக்கும், ஜெப புஸ்தகத்தோட பிடி அங்க அவ்வளவு இருக்காது. திருநெல்வேலி அப்படி இல்ல, இங்க வேல பாத்த சிஎம்எஸ், எஸ்பிஜி ரெண்டுமே இங்கிலாந்து சபையோட மிஷன்கள். நீங்க பாக்குற ஆராதனையோட முதுகெலும்பு ஆங்கிலிக்கன்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எழுதி வச்ச ஜெபம் எதுக்குன்னா, சபையில இருக்கிற ஒவ்வொருத்தரும் ஜெபம் பண்ணணும்ங்கிறதுக்காக. ஒருத்தர் முன்னால நின்னு தன் மனசுலருந்து ஜெபிச்சா, அவர் அடுத்து என்ன சொல்லப்போறாருன்னு நமக்கு தெரியாது, நாம கேக்கலாம், ஆமென் சொல்லலாம், அல்லேலூயா சொல்லலாம், ஆனா ஜெபம் அவரோடது. வார்த்தை எல்லாரு கையிலயும் இருந்தா அந்த ஜெபம் எல்லாருக்கும் சொந்தம். எட்டு வயசு பையனும், எழுத படிக்க தெரியாம காதுல கேட்டே மனப்பாடம் பண்ணின பாட்டியும், டாக்டரும், பனை ஏறுறவரும் ஒரே நேரத்துல ஒரே வார்த்தையில தேவன்கிட்ட பேசுறாங்க. ஆங்கிலிக்கன் ஆராதனையில நான் உயிரா நெனைக்கிறது இதத்தான், மத்ததெல்லாம் இதுலருந்து வரது.

இது சும்மா வந்துறல. 1500கள்ல இங்கிலாந்துல பூசை லத்தீன்ல நடந்துச்சு, குருவானவர் பீடத்துக்கு முன்னால மெல்லிசான குரல்ல சொல்லுவாரு, ஜனங்க பின்னால அவங்கவங்க தனி ஜெபத்த சொல்லிட்டு இருப்பாங்க. கேன்டர்பரி பேராயரா இருந்த தாமஸ் கிரான்மர்தான் இத மாத்தினவரு. 1544ல முதல்ல லித்தானியாவ (குருவானவர் சொல்ல ஜனங்க பதில் சொல்ற வேண்டுதல் வரிசை) மட்டும் இங்கிலீஷ்ல கொண்டுவந்தாரு, 1549ல முழு ஜெப புஸ்தகம். மடங்கள்ல சந்நியாசிங்க ஒரு நாளைக்கு எத்தனையோ வேளை சொல்லிட்டு இருந்த ஜெபங்கள திரட்டி காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டா சுருக்கி, வேலைக்கு போற சாதாரண ஜனங்க கையில குடுத்தாரு. 150 சங்கீதத்தயும் முப்பது நாளைக்கு பிரிச்சு வச்சாரு, ஒவ்வொரு மாசமும் ஒரு சுத்து முடிஞ்சிரும். பழைய ஏற்பாட்ட வருஷத்துக்கு ஒரு தடவ, புதிய ஏற்பாட்ட மூணு தடவ சபையில வாசிச்சு முடிக்கிற மாதிரி அட்டவணை. முன்னுரையில பழைய முறைய பத்தி அவரு சொல்ற குறை எனக்கு ரொம்ப பிடிக்கும், இன்னைக்கு எத வாசிக்கணும்னு தேடி கண்டுபிடிக்கிறது, கண்டுபிடிச்சத வாசிக்கிறத விட பெரிய வேலையா போச்சாம்.

ஆனா இதுலயும் ஒரு வேதனையான கத இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது. 1549 பெந்தெகொஸ்தே பண்டிகை அன்னைக்கு புது புஸ்தகத்த இங்கிலாந்து முழுக்க பயன்படுத்தணும்னு சட்டம். டெவன் பக்கம் சாம்ஃபோர்ட் கோர்ட்னின்னு ஒரு ஊர்ல அடுத்த நாளே ஜனங்க குருவானவர கட்டாயப்படுத்தி பழைய பூசையவே நடத்த வச்சாங்க, அது அப்படியே கலகமா பரவி எக்ஸிட்டர் பட்டணத்த முற்றுகை போடுற அளவுக்கு போச்சு, அடக்குறேன்னு ஆயிரக்கணக்குல கொன்னாங்க. கலகக்காரங்க சொன்னதுல ஒண்ணு, கார்ன்வால்காரங்க எங்கள்ல சில பேருக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு. அவங்க பேச்சு கார்னிஷ். ஜனங்களுக்கு புரியிற பாஷையில ஆராதனைன்னு சொல்லி, புரியாத பாஷைய அவங்க தலையில கட்டினாங்க. பிற்பாடு இங்கிலாந்து சபை தன் விசுவாசத்த சொல்ற 39 பிரமாணங்கள்ல 24ஆவதா, ஜனங்களுக்கு புரியாத பாஷையில ஜெபம் நடத்துறது தேவ வசனத்துக்கே விரோதம்னு எழுதி வச்சுச்சு, 1567ல வெல்ஷ் பாஷையில ஜெப புஸ்தகம் வந்துச்சு. நம்ம கையில தமிழ் ஜெப புஸ்தகம் இருக்கிறதும் அதே கொள்கையாலதான், ஆனா கார்ன்வால்காரங்களுக்கு அது கெடைக்காமலே போச்சுங்கிறத மறக்கக்கூடாது.

கிரான்மர் 1556 மார்ச் 21ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுல கத்தோலிக்க ராணி மேரி காலத்துல எரிச்சு கொல்லப்பட்டாரு. அப்புறம் 1645ல பியூரிட்டன் பார்லிமென்ட் அந்த புஸ்தகத்தயே தடை பண்ணுச்சு, வீட்டுக்குள்ள ஒளிஞ்சு ஜெபிச்ச காலம் அது. ராஜா ஆட்சி போயி திரும்பி வந்ததுக்கப்புறம் 1662ல திருத்தி வந்த புஸ்தகம்தான் உலகம் பூரா போச்சு. நம்ம பழைய தமிழ் ஜெப புஸ்தகத்துக்கு மூலம் அதுதான். ஆக நீங்க ஒப்பிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்ற அந்த வரிகளுக்காக உயிர விட்டவங்க இருக்காங்க.

சரி, ஆராதனைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். காலை ஜெபத்துல ஆரம்பத்துலயே முழங்கால் போட்டு பாவ அறிக்கை. கவனிச்சு பாருங்க, அந்த நேரம் குருவானவரும் சேந்துதான் முழங்கால் போடுறாரு, பேராயர் வந்திருந்தா அவரும்தான். வழி தப்பின ஆடு மாதிரி போயிட்டோம், செய்ய வேண்டியத செய்யாம விட்டோம், செய்யக்கூடாதத செஞ்சோம்னு எல்லாருமா சொல்றோம். "செய்யாம விட்டோம்"ங்கிறது முதல்ல வருது, அது எனக்கு பல வருஷமா குத்துற எடம், ஏன்னா நாமளா ஜெபிச்சா செஞ்ச தப்பத்தான் சொல்லுவோம், பக்கத்து வீட்டு விதவைக்கு செய்யாம விட்டத யாரு ஞாபகம் வச்சு சொல்லுவா. எழுதி வச்ச ஜெபம் நமக்கு தோணாதத நம்ம வாயில வைக்குது.

அதுக்கப்புறம் குருவானவர் எந்திரிச்சு பாவமன்னிப்ப அறிவிக்கிறாரு. அடுத்தது சங்கீதம் 51லருந்து வர வார்த்தை, "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும், அப்பொழுது என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும்." மன்னிப்பு வந்த பிறகுதான் வாயே தொறக்குது, அதுவும் நாமளா தொறக்கல, அவரு தொறக்கணும். அப்புறம்தான் "கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடி"ன்னு 95ஆம் சங்கீதம். இந்த வரிசைய யாரோ ஏனோதானோன்னு வைக்கல. ஒடம்பும் இதுல சேந்து ஜெபிக்குது, ஜெபத்துக்கு முழங்கால், துதிக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் நிக்கிறது, பாடம் வாசிக்கும்போது உக்காந்து கேக்குறது, திருவிருந்து ஆராதனையில சுவிசேஷம் வாசிக்கிறப்ப மட்டும் கிறிஸ்துவே பேசுறாருன்னு எந்திரிச்சு நிக்கிறது. முழங்கால் வலிக்கிறவங்க உக்காந்தே ஜெபிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சாயங்கால ஜெபத்துல மரியாளோட பாட்டும் ("என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது"), சிமியோன் கிழவனார் குழந்தை இயேசுவ கையில வாங்கி சொன்ன வார்த்தையும் வரும். இங்கிலாந்து கதீட்ரல்கள்ல கொயர் இத தெனமும் பாடுறாங்க, 1926லருந்து பிபிசி ரேடியோவும் ஒலிபரப்பிட்டு வருது. பலவானை தள்ளி தாழ்ந்தவன உயர்த்துனாருன்னு ஒரு கிராமத்து பொண்ணு பாடின பாட்ட அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் நடத்தின நாட்டு சபை தெனமும் சாயங்காலம் பாடிட்டு இருந்துச்சு, அந்த வார்த்தைய அவங்க காதுல வாங்கிருந்தா சரித்திரமே வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறதுண்டு.

திருவிருந்துக்கு வரேன், இங்க கொஞ்சம் நிதானமா சொல்லணும். அப்பத்த குடுக்கும்போது என்ன சொல்லணும்னே பெரிய சண்ட நடந்திருக்கு. 1549 புஸ்தகத்துல, உனக்காக குடுக்கப்பட்ட ஆண்டவருடைய சரீரம் உன் ஆத்துமாவயும் சரீரத்தயும் நித்திய ஜீவனுக்கு காக்கட்டும்ங்கிற மாதிரி இருந்துச்சு. இது ரொம்ப பழைய விசுவாசமா இருக்கேன்னு சீர்திருத்தக்காரங்க சொன்னதால 1552ல அத எடுத்துட்டு, கிறிஸ்து உனக்காக மரித்தார்ங்கிறத நினைவுகூர்ந்து இத வாங்கி புசி, விசுவாசத்தோட உன் இருதயத்துல அவர புசின்னு மாத்தினாங்க. 1559ல எலிசபெத் ராணி காலத்துல என்ன பண்ணாங்க தெரியுமா, ரெண்டயும் சேத்து ஒண்ணா வச்சுட்டாங்க. சிலர் இத அரசியல் சமரசம்னு சொல்லுவாங்க, அரசியல் இருந்துச்சுதான், ஆனா பீடத்தண்டை முழங்கால் போட்டு கைய நீட்டுறப்ப எனக்கு ரெண்டு வார்த்தையும் வேண்டியிருக்கு. அவரு நெசமா தம்மை குடுக்கிறாரு, நான் விசுவாசத்தோட வாங்குறேன். அது எப்படி நடக்குதுன்னு வரையறுத்து எழுதி கையெழுத்து கேக்காம, வாங்கி புசின்னு மட்டும் சொல்ற சபை இது.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, ஆவியானவருக்கு எடம் எங்க. 1549 புஸ்தகத்துல அப்பத்தயும் ரசத்தயும் உம்முடைய பரிசுத்த ஆவியாலும் வசனத்தாலும் ஆசீர்வதியும்னு ஒரு வேண்டுதல் இருந்துச்சு, 1552ல அது போயிருச்சு, 1662லயும் திரும்பி வரல. ஸ்காட்லாந்து, அமெரிக்க ஆங்கிலிக்கன் சபைகள் அத முன்னாடியே திரும்ப கொண்டுவந்திருந்தாங்க, நாநூறு வருஷம் கழிச்சு நம்ம தென்னிந்தியாவுலயும் அது திரும்ப வந்துச்சு! சிஎஸ்ஐ 1950ல தனக்குன்னு ஒரு திருவிருந்து முறைய உண்டாக்கினப்ப, எங்களையும் இந்த அப்பத்தயும் ரசத்தயும் உம்முடைய பரிசுத்த ஆவியால பரிசுத்தமாக்கும்னு வேண்டுற ஜெபத்த வச்சாங்க. "எங்களையும்"ங்கிறத கவனிங்க, அப்பத்து மேல மட்டும் இல்ல, உக்காந்திருக்கிற சபை மேலயும் ஆவியானவர கூப்பிடுறோம். ஆராதனை ஆரம்பத்துலயே, எல்லா இருதயமும் யாருக்கு முன்னால தொறந்திருக்கோ அந்த தேவன பாத்து, உம்முடைய பரிசுத்த ஆவியின் ஏவுதலால எங்க நெனப்ப சுத்தமாக்கும்னு ஒரு சின்ன ஜெபம் வருது, அது கிரான்மருக்கும் முந்தினது, லத்தீன்ல ஏற்கனவே இருந்தத அவரு இங்கிலீஷ் ஆக்கினாரு. ஆக ஆவியானவர் தொடக்கத்துலயும் இருக்காரு, பீடத்துலயும் இருக்காரு, நாம அவர சத்தம் போட்டு கூப்பிடாததால இல்லன்னு நெனச்சிரக்கூடாது.

எழுதி வச்சதுல எப்படி மனசு இருக்கும்னு கேட்டீங்க. சிலுவையில தொங்கினப்ப நம்ம ஆண்டவர் என்ன ஜெபிச்சாரு? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்", அது 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி. "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்", அது 31ஆம் சங்கீதம். சின்ன வயசுலருந்து சொல்லி சொல்லி உள்ள எறங்கின வார்த்தைதான் உயிர் போற நேரத்துல வாயில வந்துச்சு. எங்கம்மா கடைசி நாட்கள்ல பெத்த பிள்ளைங்க பேரே மறந்து போயிட்டாங்க, ஆனா பக்கத்துல உக்காந்து "பரமண்டலங்களிலிருக்கிற"ன்னு ஆரம்பிச்சா முடிவு வரைக்கும் சொல்லுவாங்க, "பிதாவுக்கும் குமாரனுக்கும்"னு சொன்னா மிச்சத்த அவங்க முடிப்பாங்க. சொந்த வார்த்த எல்லாம் போன பிறகும் சபை குடுத்த வார்த்த நின்னுச்சு.

அதுக்காக வெறுமனே வாய் அசைச்சா போதும்னு நான் சொல்லல. வேகமா ஓட்டி முடிக்கிற குருவானவர்கள் இருக்காங்க, செல்போன் பாத்துக்கிட்டே விசுவாசப் பிரமாணம் சொல்றவங்க இருக்காங்க, அது பாவம்தான், அதுக்கு புஸ்தகம் காரணம் இல்ல. தனி ஜெபத்துக்கும் இங்க எடம் உண்டு, வீட்டுல நீங்க உங்க சொந்த வார்த்தையில அழுது ஜெபிங்க, பெண்கள் ஐக்கிய சங்கத்துலயும் காட்டேஜ் ப்ரேயர்லயும் வாய்விட்டு ஜெபிங்க, அந்த வரத்த இங்க கொண்டுவாங்க, எங்களுக்கு அது வேணும்.

அடுத்தது சபை ஆண்டு. வருஷம் ஜனவரியில இல்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு, அட்வெந்துல ஆரம்பிக்குது. பீடத்து துணியோட நெறம் அட்வெந்துக்கும் லெந்துக்கும் (ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்) ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்கு சிவப்பு, மத்த நாள்ல பச்சை. குருவானவருக்கு பிடிச்ச வசனத்தயே வாரா வாரம் பிரசங்கம் பண்ண முடியாது, அந்த ஞாயித்துக்குன்னு குறிச்ச பாடம் என்னவோ அதத்தான் எடுக்கணும், இது சபைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்புன்னு போகப்போக தெரியும். சென்னை கோட்டையில இருக்கிற செயின்ட் மேரி சர்ச், 1680ல பிரதிஷ்டை ஆனது, இந்தியாவுல ரொம்ப பழைய ஆங்கிலிக்கன் கோயில், அதுக்கு அந்த பேரு வந்ததே 1678 மார்ச் 25ஆம் தேதி, காபிரியேல் தூதன் மரியாளுக்கு செய்தி சொன்ன திருநாள்ல வேலைய ஆரம்பிச்சதாலதான். வியாபாரம் பண்ண வந்தவங்களுக்கு கூட சபை காலண்டர் ஒடம்புல ஊறி இருந்துச்சு.

எல்லா வழக்கமும் அப்போஸ்தலர் காலத்துதுன்னு நெனச்சிர வேண்டாம். பெரிய வெள்ளி அன்னைக்கு பன்னெண்டுலருந்து மூணு மணி வரைக்கும் சிலுவைல சொன்ன ஏழு வார்த்தைகள தியானிக்கிறோமே, அத ஆரம்பிச்சது பெரு நாட்டு லிமாவுல ஒரு இயேசு சபை பாதிரியார், 1600களோட கடைசியில. ஒம்பது பாடம் வாசிச்சு கேரல் பாடுறது 1880ல கார்ன்வால்ல ட்ரூரோவுல ஆரம்பிச்சு, 1918ல முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்கு வந்து உலகம் பூரா போனது. அறுப்பின் பண்டிகைய இப்ப இருக்கிற மாதிரி தொடங்கி வச்சவரு மார்வென்ஸ்டோன்னு ஒரு கடலோர ஊர்ல இருந்த ஹாக்கர்ங்கிற குருவானவர், 1843ல. நாம அதுல வாழைத்தாரு, தேங்கா, கோழி, ஆடு எல்லாம் கொண்டுவந்து ஏலம் போட்டு, அசனம் சமைச்சு, ஊரோட உக்காந்து சாப்பிடுறதாக்கி வச்சிருக்கோம். 39 பிரமாணங்கள்ல 34ஆவது இதத்தான் சொல்லுது, சடங்குமுறை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு அவசியமில்ல, வசனத்துக்கு விரோதமா இல்லாம இருந்தா போதும்.

திருநெல்வேலில இந்த முறை சண்ட இல்லாம வந்துறல. 1820ல பாளையங்கோட்டைக்கு வந்து அவ்வளவு சபைகள உண்டாக்கின ரேனியஸ் ஐயர் ஒரு ஜெர்மன் லுத்தரன். இங்கிலாந்து சபையோட முறைகள விமர்சிச்சு எழுதினதுக்காகவும், தன் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் முறையிலதான் குருப்பட்டம் குடுக்கணும்ங்கிறத ஏத்துக்காததுக்காகவும் 1835ல சிஎம்எஸ் அவர விலக்கிருச்சு. சபையே ரெண்டா பிரிஞ்சு நின்னு, 1838ல அவரு இறந்த பிறகுதான் மெல்ல மெல்ல சேந்துச்சு. அவர அப்படி நடத்தினது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஒப்பல.

அதே சமயத்துல தஞ்சாவூர், வேப்பேரி பக்கம் வேற ஒரு போராட்டம். திருவிருந்துல ஜாதிவாரியா தனித்தனியா உக்காருறதும், உசந்த ஜாதிக்காரங்க முதல்ல பாத்திரத்துல குடிக்கிறதும் வழக்கமா இருந்துச்சு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல சுற்றறிக்கை விட்டாரு, ஜாதி வித்தியாசத்த தயவு தாட்சண்யமில்லாம, உடனே, அடியோட விடணும்னு. நூத்துக்கணக்கான பேர் சபைய விட்டு போனாங்க. போகட்டும்னு நின்னது சரிதான், ஏன்னா ஒரே பாத்திரத்துல குடிக்க முடியாதவன் அந்த ஜெபத்த எல்லாரோடயும் சேந்து சொன்னான்னா அது பொய். ஜாதி இன்னைக்கும் சபைக்குள்ள முழுசா சாகல, டயோசிஸ் (பேராயர் மண்டல) தேர்தல் வந்தா கண்ணுக்கு தெரியும். ஆனா பீடத்து கிராதிக்கு முன்னால யாரு பக்கத்துல எடம் கெடைக்குதோ அவங்க பக்கத்துல முழங்கால் போடணும்ங்கிற அந்த முறை, நாம தப்பு பண்றப்பல்லாம் நம்மள குற்றவாளின்னு காட்டுது.

1950 திருவிருந்து முறைய பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும், நம்ம ஊர்ல யாரும் பெருமையா பேச மாட்டேங்கிறாங்க. மிஷனரிங்க கொண்டுவந்தத அப்படியே வச்சுக்காம, அத உண்டாக்கின சிஎஸ்ஐ குழு உலகத்து பழைய முறைகள எல்லாம் தேடுச்சு. நல்ல பிரதான ஆசாரியரே, சீஷர் நடுவுல இருந்த மாதிரி எங்க நடுவுலயும் வாரும்னு சபை சொல்றது ஸ்பெயின் தேசத்து பழைய முறையிலருந்து வந்தது. உமது மரணத்த நினைவுகூறுறோம், உயிர்த்தெழுதல அறிக்கையிடுறோம், வருகைக்கு காத்திருக்கிறோம்னு சொல்றது கேரளத்து சுரியானி கிறிஸ்தவங்க கிட்டருந்து. கைய கையில வச்சு சமாதானம் குடுக்கிறதும் அவங்க கிட்டருந்துதான், குருவானவர் கையிலருந்து ஒவ்வொருத்தரா கடைசி பெஞ்சு வரைக்கும் போகணும். குருவானவர் பீடத்துக்கு பின்னால நின்னு ஜனங்கள பாத்து நடத்துறதயும் வச்சாங்க. இதெல்லாம் பாத்து பிற்பாடு இங்கிலாந்து சபையும் மத்த ஆங்கிலிக்கன் சபைகளும் தங்க புது முறைகள்ல சமாதானம் குடுக்கிறத சேத்தாங்க. லண்டன்ல ஒரு சபையில இன்னைக்கு பக்கத்துல நிக்கிறவங்க கைய பிடிக்கிறாங்கன்னா, அதுல தென்னிந்தியாவுக்கு பங்கு இருக்கு. நம்ம சபைகள் பலதுல அது கை கூப்பி தலையாட்டுறதோட சுருங்கி போச்சு, அது மாறணும்ங்கிறது என் ஆசை.

இதுக்கு முன்னோடி வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா பேராயர்னு சொல்லலாம், 1912ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பேராயர் ஆனவரு. தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்ல அவரு கட்டி 1939ல பிரதிஷ்டை ஆன கதீட்ரல பாத்தா கோயில் தூணும் மசூதி கும்பமும் சேந்து நிக்கும். நம்ம மண்ணோட கைவேலையும் தேவனுக்கு துதி செலுத்தணும்னு நெனச்சவரு.

வாழ்க்கையில வர மத்த ஆராதனைகளயும் பாருங்க. கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறது (இன்னாருக்கு கல்யாணம்னு சபையில அறிவிக்கிறது) உங்களுக்கும் நடந்திருக்கும். அடக்க ஆராதனையில பெட்டிக்கு முன்னால குருவானவர் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்"னு சொல்லிட்டே நடப்பாரு, குழியில மண்ண போட்டு மண்ண மண்ணுக்கும் சாம்பல சாம்பலுக்கும்னு சொல்லுவாரு. எஸ்டேட் முதலாளிக்கும் அதே வார்த்தை, கோயில் கூட்டுறவருக்கும் அதே வார்த்தை, ஒரு வரி கூட குறையாது.

கடைசியா திருவிருந்து எடுக்கலாமான்னு கேட்டீங்க. நீங்க பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல தண்ணி ஞானஸ்நானம் எடுத்தவங்கன்னா அது போதும், திரும்ப ஞானஸ்நானம் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, ஞானஸ்நானம் ஒண்ணுதான். உங்க சபை இயேசுவின் நாமத்துல மட்டும் குடுக்கிற சபையா இருந்தா சேகர குருவானவர்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க. எப்படியும் முதல்ல அவர வீட்டுக்காரரோட போய் பாருங்க, உங்க பேர சபை டாப்புல (பேர் பதிவேட்டுல) சேக்குறதும், திடப்படுத்தல் (பேராயர் தலையில கைவச்சு ஜெபிச்சு உறுதிப்படுத்துறது) வகுப்பு வேணுமாங்கிறதும் அவரு சொல்லுவாரு. அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க, சனிக்கிழம ராத்திரி அடுத்த நாளுக்கு குறிச்ச பாடங்கள வீட்டுலயே ஒரு தடவ வாசிச்சுட்டு போங்க. புஸ்தகத்துல எந்த பக்கம்னு தெரியலன்னா பக்கத்துல இருக்கிற அக்காகிட்ட கேளுங்க, எடுத்து குடுப்பாங்க. எல்லா வரியயும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆரம்பத்துல பாவ அறிக்கைய மட்டும் நிதானமா சேந்து சொல்லுங்க, மிச்ச நேரம் மத்தவங்க சொல்றத கேட்டுக்கிட்டே இருங்க, வார்த்தை தானா வாய்க்கு வரும்.